இன்வெர்ட்டருக்கு உள்ளே நடக்கும் வோல்ற்றளவு அலைவையும் கவனிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கிழக்கு மாகாணத்தில் கூரைமேல் சூரிய மின்தொகுதிகள் பெருகி வருவதையும், சூரியத் தகடுகளின் நேரோட்டத்தை (டி.சி.) வீட்டுக்கும் வீதிக்கும் உரிய ஆடலோட்டமாக (ஏ.சி.) மாற்றும் அவற்றின் இன்வெர்ட்டர்கள் எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே பழுதடைவதையும் பற்றித் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட கட்டுரையை அக்கறையோடு வாசித்தேன். வீதிக் கம்பியில் வோல்ற்றளவு ஏறி இறங்குவதே இப்பழுதுகளுக்குக் காரணம் என்றும், பெரிய கொள்ளளவி (கடைகளில் நாம் கெப்பாசிட்டர் என்று கேட்டு வாங்கும், மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் உறுப்பு) பொருத்திய இன்வெர்ட்டரைத் தெரிவு செய்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. முதலாவது கூற்று உண்மையின் ஒரு பகுதி மட்டுமே. இரண்டாவது கூற்றை ஏற்றுக்கொள்ள என்னால் இயலவில்லை. இன்வெர்ட்டரின் உள்ளே நிகழும் வோல்ற்றளவு அலைவு வீதியின் ஏற்ற இறக்கத்திலிருந்து வேறுபட்டது என்பதையும், பல்மட்ட வலு மாற்றிகளில் (வெளியீட்டு வோல்ற்றளவைப் பல படிகளில் ஏற்றி இறக்கும் இன்வெர்ட்டர்களில்) அந்த அலைவைக் குறைப்பதற்குக் கொள்ளளவியைப் பெருப்பிப்பதைவிட ஆளிகளை (சுவிட்சுகளை) இயக்கும் முறையைத் திருத்துவதே சிறந்த வழி என்பதையும், மின்தொழில்நுட்பம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

நமது வீடுகளுக்கு வரவேண்டிய மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றியிலிருந்து தொலைவில் இருக்கும் வீட்டில் இரவு வேளையில் இந்த வோல்ற்றளவு குறைவதும், உச்சி வெயிலில் அயலில் உள்ள கூரைகள் எல்லாம் ஒருசேர மின்சாரத்தை வீதிக்குத் தள்ளும்போது அது கூடுவதும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பலருக்கும் பழகிப்போன விடயங்கள். இது வெளியே நிகழும் அலைவு. உள் அலைவோ, சூரியத் தகடுகளுக்கும் குறைகடத்தி ஆளிகளுக்கும் நடுவே, நேரோட்டப் பக்கத்தில் இருக்கும் கொள்ளளவியின் முனைகளில் நிகழ்வது. ஒரு செக்கனில் நூறு தடவையோ நூற்றைம்பது தடவையோ ஏறி இறங்குவது. அலைவுகாட்டியை இணைத்துப் பார்த்தாலன்றி அது கண்ணுக்குத் தெரியாது. வீதி வோல்ற்றளவு 230 இல் அசையாமல் நின்றாலும் இந்த உள் அலைவு இருந்தே தீரும். வலு ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும் முறையிலேயே அது பிறக்கிறது.

முதலில் எளிய நிலையைப் பார்ப்போம். ஒற்றை அவத்தை (சிங்கிள் பேஸ்) இணைப்புள்ள வீட்டில், தகடுகள் தரும் வலு கணத்துக்குக் கணம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் வீதிக்குச் செல்லும் ஆடலோட்ட வலு ஒரு செக்கனில் 100 தடவை சுழியத்துக்கு இறங்கிச் சராசரியின் இரு மடங்குக்கு ஏறுகிறது. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இடையிலான இந்த வித்தியாசத்தைத் தாங்குவது கொள்ளளவியே. 5 கிலோவாற்று வலுவை மாற்றும் ஓர் இன்வெர்ட்டரில் நேரோட்டப் பக்கம் 400 வோல்ற்றாகவும் கொள்ளளவம் 1000 மைக்ரோபரட்டாகவும் இருக்குமானால், அந்த 400 வோல்ற் உச்சிக்கும் அடிக்கும் இடையே ஏறத்தாழ 40 வோல்ற் அலையும் என்பதை உயர்தர மாணவர் ஒருவரே கணித்துவிடலாம். கொள்ளளவத்தை இரட்டித்தால் அது 20 வோல்ற்றாகும். மறுபடியும் இரட்டித்தால் 10 வோல்ற்றாகும். ஒவ்வொரு முறை பாதியாக்குவதற்கும் இரு மடங்கு பொருள், இரு மடங்கு இடம், ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. கட்டுரையாளர் சொன்ன வழி இதுதான். ஒற்றை அவத்தையில், வேறு சுற்றுகளைச் சேர்க்காதவரை, இந்த வழியைத் தவிர்ப்பது கடினம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று அவத்தை (த்ரீ பேஸ்) இணைப்புக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. சம்மாந்துறையின் அரிசி ஆலைகள், கரையோரத்து ஐஸ் தொழிற்சாலைகள், பாசிக்குடாவின் விடுதிகள் போன்ற இடங்களில் பொருத்தப்படுபவை மூன்று அவத்தைத் தொகுதிகளே. மூன்று அவத்தைகளின் வலுவையும் கூட்டினால், சுமை சமமாக இருக்கும்வரை, கூட்டுத்தொகை மாறாமல் நிற்கும். எனவே அந்த 100 ஹேர்ட்ஸ் அலைவு மறைந்துவிடும். இதைக் கண்டு, மூன்று அவத்தை இன்வெர்ட்டரில் உள் அலைவு என்ற சிக்கலே இல்லை என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். பழைய இருமட்ட இன்வெர்ட்டருக்கு அது பெருமளவு பொருந்தும். பல்மட்ட இன்வெர்ட்டருக்குப் பொருந்தாது.

இருமட்ட இன்வெர்ட்டரின் வெளியீடு நேரோட்ட வோல்ற்றளவின் மேல் முனையில் இருக்கும், அல்லது கீழ் முனையில் இருக்கும். அது ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மைக்ரோசெக்கன் அளவிலான நேரத்தில் பாய்வதால் மோட்டார்ச் சுருளின் காவலி வருந்துகிறது, வடிகட்டும் சுருள்கள் பெரிதாகின்றன, ஒவ்வோர் ஆளியும் முழு வோல்ற்றளவையும் தாங்க வேண்டியிருக்கிறது. நேரோட்டப் பக்கத்தைத் தொடராக இணைத்த கொள்ளளவிகளால் பங்கிட்டு, நடுவிலிருந்தும் ஒரு முனை எடுத்தால், வெளியீடு படிப்படியாக ஏறி இறங்கும். ஆளி ஒவ்வொன்றும் பாதி வோல்ற்றளவைத் தாங்கினால் போதும். ஜப்பானின் நபே, தகஹாஷி, அகாகி ஆகிய மூவரும் 1981 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த மும்மட்ட அமைப்பைத் துறையில் நிலைநிறுத்தியது. இன்று சந்தைக்கு வரும் மூன்று அவத்தைச் சூரிய இன்வெர்ட்டர்கள் பலவற்றின் உள்ளே இருப்பது இந்த அமைப்போ அதன் உறவு அமைப்புகளில் ஒன்றோதான். விளம்பரத் தாளில் இது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

இப்பொழுது சிக்கல் எங்கே பிறக்கிறது என்று பார்க்கலாம். மேல் கொள்ளளவிக்கும் கீழ்க் கொள்ளளவிக்கும் இடையில் இருக்கும் புள்ளியை நடுப்புள்ளி என்று அழைப்போம். ஏதாவதோர் அவத்தை அந்தப் புள்ளியோடு இணைக்கப்படும்போது அதன் ஓட்டம் நடுப்புள்ளியின் ஊடாகச் செல்கிறது. இரு கொள்ளளவிகளினதும் மொத்த வோல்ற்றளவைத் தகடுகளின் பக்கம் நிலையாக வைத்திருப்பதால், காவுதடியின் ஒரு முனை தாழ மறு முனை உயர்வது போல, ஒரு கொள்ளளவியில் குறைவது மற்றதில் கூடுகிறது. மூன்று அவத்தைகளும் முறைவைத்து இப்படி நடுப்புள்ளியைத் தொடுவதால் அங்கே செல்லும் ஓட்டம் அடிப்படை மீடிறனின் (ஒரு செக்கனில் அலை ஏறி இறங்கும் தடவைகளின்) மூன்று மடங்கில் அலைகிறது. நமது 50 ஹேர்ட்ஸ் வலையமைப்பில் அது 150 ஹேர்ட்ஸ். சுமை முற்றிலும் சமமாக இருந்தாலும், உறுப்புகள் யாவும் குறையின்றி இருந்தாலும் இந்த அலைவு எழும். மீடிறன் குறையும்போது அதன் வீச்சம் கூடும் என்பதால், இதே அமைப்பைக் கொண்டு மோட்டாரை மெதுவாகச் சுழற்றித் தொடக்கும் இடங்களில் தொல்லை இன்னும் அதிகம்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்றும் உண்டு. இரு கொள்ளளவிகளும் சற்றே வேறுபட்டிருந்தாலோ, ஆளிகள் திறந்து மூடும் நேரங்களில் சிறு பேதம் இருந்தாலோ, நடுப்புள்ளி ஒரே திசையில் மெல்ல மெல்ல விலகிச் செல்லும். அது அலைவு அன்று, நகர்வு. அதைத் திருத்துவது ஒப்பீட்டளவில் எளிது. அலைவை அடக்குவதே கடினமானது. நகர்வைத் திருத்தும் ஏற்பாட்டை மட்டும் காட்டிவிட்டு, நடுப்புள்ளிச் சமநிலை உண்டு என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே ஏற்பது போதாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அலைவினால் நேரும் தீங்குகள் சிறியன அல்ல. பாதி வோல்ற்றளவைத் தாங்குவதற்கென்று தெரிவு செய்யப்பட்ட ஆளி, அலைவின் உச்சியில் பாதிக்கும் மேலானதைத் தாங்க நேர்கிறது. ஏற்கெனவே வீதி வோல்ற்றளவு உயர்ந்திருக்கும் நண்பகலில் அந்த மேலதிகச் சுமை ஆபத்தான எல்லையைத் தொடக்கூடும். வெளியீட்டு அலையின் படிகள் சமமற்றுப் போவதால், எளிதில் வடிகட்ட முடியாத தாழ்ந்த மீடிறன் கலப்புகள் வீதிக்குச் செல்கின்றன. எல்லாவற்றிலும் மோசமானது கொள்ளளவியின் உள்ளே எழும் வெப்பம். அலையும் ஓட்டம் அதன் உட்தடையின் ஊடாகச் செல்லச் செல்ல வெப்பம் பிறக்கிறது. மின்பகுபொருள் கொண்ட கொள்ளளவிகளில் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர்கள் கைக்கொள்ளும் விதி. 105 பாகையில் 5000 மணித்தியாலம் என்று குறிக்கப்பட்ட கொள்ளளவி 75 பாகையில் இயங்கினால் 40000 மணித்தியாலமும், 65 பாகையில் இயங்கினால் 80000 மணித்தியாலமும் நிற்கும் என்று இவ்விதி சொல்கிறது. பகலில் பத்து மணித்தியாலம் இயங்கும் சூரியத் தொகுதிக்கு முன்னது சுமார் 11 ஆண்டுகள், பின்னது சுமார் 22 ஆண்டுகள். கச்சான் காற்று வீசும் மாதங்களில், தகரக் கூரையின் கீழ், காற்றோட்டமற்ற மூலையில் இன்வெர்ட்டரை மாட்டிவைக்கும் நமது வழக்கத்தோடு இந்த அலைவும் சேர்ந்துகொண்டால் அந்தப் பத்துப் பாகை எங்கிருந்து வருகிறது என்று தேடவேண்டியதில்லை.

கொள்ளளவியைப் பெருப்பித்தால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். அலைவு குறையும் என்பது உண்மை. ஆனால் பெரிய கொள்ளளவியில் சேமிக்கப்படும் சக்தியும் பெரிது. ஓர் ஆளி உடைந்து குறுஞ்சுற்று ஏற்படும் கணத்தில் அந்தச் சக்தி முழுவதும் அந்த ஒரே இடத்தில் கொட்டுகிறது. மின்னேற்றத் தொடங்கும்போது பாயும் ஓட்டத்தை மட்டுப்படுத்த வேறு உறுப்புகளைச் சேர்க்க வேண்டும். விலையைக் கட்டுப்படுத்த நினைக்கும் உற்பத்தியாளர் நீடித்து நிற்கும் பிலிம் கொள்ளளவிகளைக் கைவிட்டு, சிறிய இடத்தில் பெரிய கொள்ளளவத்தைத் தரும் மின்பகுபொருள் வகைக்கே மறுபடியும் செல்வார். வெப்பத்துக்கு முதலில் பலியாகும் வகையும் அதுவே. ஆக, பெரிய கொள்ளளவி என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு வாங்குபவர் நீண்ட ஆயுளுக்குப் பதிலாகக் குறைந்த ஆயுளையும் வாங்கக்கூடும்.

மும்மட்ட இன்வெர்ட்டரில் மூன்று அவத்தைகளும் மேல், நடு, கீழ் என்ற மூன்று நிலைகளில் எதிலும் இருக்கலாம். எனவே மொத்தம் 27 ஆளி நிலைகள் உண்டு. ஆனால் அவை வெளியே தோற்றுவிக்கும் வோல்ற்றளவுக் காவிகள் (அளவும் திசையும் கொண்ட வெக்டர்கள்) 19 மட்டுமே. இந்த வேறுபாட்டில்தான் தீர்வின் திறவுகோல் இருக்கிறது. சிறு காவிகள் என்று அழைக்கப்படும் ஆறு காவிகளில் ஒவ்வொன்றையும் இரு வெவ்வேறு ஆளி நிலைகளால் பெறலாம். சுமைக்கு அவ்விரண்டும் ஒன்றே. மோட்டாரோ வீதியோ அவற்றுக்கிடையே எந்த வேறுபாட்டையும் உணராது. நடுப்புள்ளிக்கோ அவை எதிரெதிரானவை: ஒன்று மேல் கொள்ளளவியை நிரப்பும், மற்றது கீழ்க் கொள்ளளவியை நிரப்பும். நடுப்புள்ளி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளந்து, அதற்கேற்ப இவ்விரண்டில் பொருத்தமானதைக் கூடிய நேரம் பயன்படுத்தினால், ஒரு சதமும் செலவில்லாமல் அலைவின் பெரும்பகுதியை அடக்கிவிடலாம். மூன்று அவத்தைகளின் கட்டளைகளோடும் ஒரே அளவான பொது வோல்ற்றளவைச் சேர்க்கும் முறையும் இதே வேலையை வேறு பாதையில் செய்கிறது. அவத்தைகளுக்கு இடையிலான வோல்ற்றளவு அதனால் மாறுவதில்லை. ஒரு பொருளைப் பெரிதாக்காமல், ஏற்கெனவே கையில் இருக்கும் தெரிவுகளைச் சரியான கணத்தில் சரியாகப் பயன்படுத்துவதனாலேயே இவ்வளவும் கைகூடுகிறது என்பது, எத்தனை தடவை கற்பித்தாலும் எனக்கு வியப்புக் குறையாத ஒன்று.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. நடுத்தரக் காவிகள் என்று அழைக்கப்படும் வேறு ஆறு காவிகளிலும் ஓர் அவத்தை நடுப்புள்ளியோடு இணைந்தே நிற்கிறது. அவற்றுக்கு மாற்று நிலை இல்லை. வெளியீட்டு வோல்ற்றளவு அதன் உச்ச எல்லையை நெருங்கும்போது சிறு காவிகளுக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது, நடுத்தரக் காவிகளுக்கான நேரம் கூடுகிறது. அதோடு வலுக்காரணியும் (செல்லும் மொத்த வலுவில் உண்மையில் பயனாகும் பங்கும்) தாழ்ந்திருந்தால், சிறு காவிகளை எப்படி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலும் 150 ஹேர்ட்ஸ் அலைவு எஞ்சி நிற்கும்.

இந்த இடத்தில் நமது மாவட்டங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விடயத்தை வலியுறுத்த வேண்டியிருக்கிறது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் தொடங்கிய கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியதையும், அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைமேல் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களிடம் கேட்கப்பட்டதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சூரிய மின்சாரம் கூடும்போது வலையமைப்பைத் தாங்கும் பொறுப்பை இன்வெர்ட்டர்களும் ஏற்க வேண்டும் என்ற குரல் இதனால் வலுப்பெற்றிருக்கிறது. அது நியாயமானது. வீதி வோல்ற்றளவு ஏறும்போது இன்வெர்ட்டர் மறுதாக்க வலுவை (பயன்படாமல் வலையமைப்புக்கும் கருவிக்கும் இடையே போய்வரும் வலுவை) உள்ளிழுத்து அதைத் தணிப்பது உலகெங்கும் கையாளப்படும் முறை. ஆனால் அப்படிச் செய்யும்போது இன்வெர்ட்டரின் வலுக்காரணி தாழ்கிறது. உயர்ந்த வோல்ற்றளவும் தாழ்ந்த வலுக்காரணியும் ஒரே வேளையில் சேர்கின்றன. மேலே சொன்ன எளிய கட்டுப்பாட்டு முறை கைவிரிக்கும் நிலை இதுவே. வெளி அலைவைத் தணிக்க நாம் இடும் கட்டளை உள் அலைவைப் பெருப்பிக்கிறது. இவ்விரு அலைவுகளையும் வேறுபடுத்திப் பார்க்காமல், பழுதுக்கு வீதியே காரணம் என்று முடித்துவிட்டால் இந்தத் தொடர்பு நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

எஞ்சும் அலைவை நீக்கவும் வழி காணப்பட்டுள்ளது. ஒரு நடுத்தரக் காவியைத் தனியே பயன்படுத்தாமல், அதன் இரு புறத்திலும் உள்ள சிறு காவிகளோடு சமபங்காகக் கலந்து ஒரு கற்பிதக் காவியை அமைக்கிறார்கள். மூன்று அவத்தைகளின் ஓட்டங்களும் சம அளவு நேரம் நடுப்புள்ளியைத் தொடுகின்றன. மூன்றினதும் கூட்டுத்தொகை சுழியம் என்பதால், ஒவ்வோர் ஆளிச் சுற்று முடியும்போதும் நடுப்புள்ளி தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. வலுக்காரணி எதுவாக இருந்தாலும் இது செல்லுபடியாகும். 2004 இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் புஸ்கெட்ஸ்-மொங்கேயும் அவருடைய சகாக்களும் இதை வெளியிட்டார்கள். இதற்குக் கொடுக்கும் விலை, ஆளிகள் கூடுதலான தடவைகள் திறந்து மூட வேண்டியிருப்பது. அதனால் ஆளிகளில் வெப்பம் கூடும். ஆகவே நல்ல வடிவமைப்பாளர் சாதாரண நேரத்தில் எளிய முறையையும், தேவைப்படும்போது மட்டும் கற்பிதக் காவி முறையையும் பயன்படுத்துகிறார். இரண்டையும் கலந்து கையாளும் இந்தப் போக்கே நமது சூழலுக்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து.

மிகப் பெரிய வலுவுக்குச் செல்லும்போது மும்மட்டம் போதாது. 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஜேர்மனியின் ரைனர் மார்க்குவார்ட் முன்வைத்த கூற்றுநிலைப் பல்மட்ட மாற்றியில், தனித்தனிக் கொள்ளளவி கொண்ட சிறு கூறுகள் நூற்றுக்கணக்கில் தொடராக அடுக்கப்படுகின்றன. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கீழ் 400 மெகாவாற்றைக் கொண்டுசெல்லும் இணைப்பு 2010 இல் இம்முறையில் இயங்கத் தொடங்கியது. நமக்கு அண்மையில், தமிழ்நாட்டின் புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 320 கிலோவோல்ற்றில் 2000 மெகாவாற்றைக் கொண்டுசெல்லும் இணைப்பும் 2021 முதல் இதே வகை மாற்றிகளோடு இயங்குகிறது.

இந்த மாற்றியில் நடுப்புள்ளித் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு கூற்றின் கொள்ளளவியிலும் 50, 100 ஹேர்ட்ஸ் அலைவுகள் எழுகின்றன. அதோடு மூன்று அவத்தைகளுக்கும் இடையே 100 ஹேர்ட்ஸில் ஒரு சுற்றோட்டம் வெளியே தெரியாமல் உள்ளேயே சுழன்று வீண் வெப்பத்தை உண்டாக்குகிறது. கொள்ளளவிகளின் வோல்ற்றளவுகளை அளந்து வரிசைப்படுத்தி, மின்னேற்றும் ஓட்டம் வரும்போது குறைந்தவற்றையும் மின்னிறக்கும் ஓட்டம் வரும்போது கூடியவற்றையும் இணைப்பது, கூறுகள் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதற்குப் போதும். எல்லாக் கூறுகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் பொது அலைவை அது குறைக்காது. அதைக் குறைக்க வேண்டுமானால், வீணானது என்று கருதப்படும் அந்தச் சுற்றோட்டத்தையே வேண்டிய அளவிலும் வேண்டிய அவத்தைக் கோணத்திலும் வேண்டுமென்றே செலுத்த வேண்டும். சுற்றோட்டத்தை முற்றாக அடக்கினால் வலு இழப்புக் குறையும், கொள்ளளவி பெரிதாக இருக்க வேண்டும். அளவோடு அனுமதித்தால் கொள்ளளவி சிறுக்கும், வலு இழப்புக் கூடும். கூறு ஒன்றின் கன அளவில் பாதிக்கும் மேற்பட்ட இடத்தைக் கொள்ளளவியே பிடித்துக்கொள்வதால் இந்தப் பேரத்தில் பெருந்தொகைப் பணம் தங்கியிருக்கிறது.

2025 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் உயர் வோல்ற்றளவு நேரோட்ட இணைப்பொன்று குறித்துப் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. அந்த இணைப்பு கூற்றுநிலை மாற்றிகளோடு அமையுமானால், மேலே சொன்ன பேரத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்பதை நமது பொறியியலாளர்கள் தாமே கணித்துச் சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும். வழங்குநர் கொடுக்கும் தாளை வாசித்துத் தலையசைப்பவர்களாக அவர்கள் இருக்கக் கூடாது.

அந்தத் தேர்ச்சி இங்கேயே உருவாகலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது. மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆய்வுகூடத்துக்கு விலையுயர்ந்த கருவி தேவை என்று எண்ண வேண்டாம். 48 வோல்ற் நேரோட்ட வழங்கி, தனித்தனியாக வாங்கிய மொஸ்பெற் ஆளிகள், இரு கொள்ளளவிகள், ஒரு மைக்ரோகொன்ட்ரோலர், மூன்று சுருள்கள், ஓர் அலைவுகாட்டி ஆகியவை இருந்தால் மேசை மீதே மும்மட்ட இன்வெர்ட்டரை அமைத்துவிடலாம். முதலில் எந்தத் திருத்தமும் இன்றி இயக்கி 150 ஹேர்ட்ஸ் அலைவை மாணவர் கண்ணால் காண வேண்டும். பிறகு சிறு காவிகளைத் தெரிவு செய்யும் சில வரிக் கட்டளைகளைச் சேர்த்து அது சுருங்குவதைக் காண வேண்டும். அதன் பின் சுமையின் வலுக்காரணியைத் தாழ்த்தி அது மறுபடி தலைதூக்குவதையும் காண வேண்டும். இந்த மூன்றையும் தன் கையால் செய்து பார்த்த மாணவர், பழுதடைந்த இன்வெர்ட்டரைத் திறக்கும்போது வீங்கிய கொள்ளளவியைக் கழற்றி அதே போன்ற இன்னொன்றைப் பற்றவைப்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். அது ஏன் வீங்கியது என்றும் கேட்பார். உயர் வோல்ற்றளவில் பயிற்சியைத் தொடங்க வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். மின்னேற்றிய கொள்ளளவி ஆளியை நிறுத்திய பின்னரும் உயிருக்கு ஆபத்தானது.

பெரிய தொகுதிகளை வாங்கும் ஆலை உரிமையாளர்களும், கேள்விப் பத்திரம் கோரும் உள்ளூராட்சி மன்றங்களும், வைத்தியசாலை நிர்வாகங்களும் விலையோடும் உத்தரவாத ஆண்டுகளோடும் நின்றுவிடாமல் எழுத்தில் சில விபரங்களைக் கேட்டுப் பெற வேண்டும். முழுச் சுமையில், சுற்றுப்புற வெப்பநிலை 40 பாகையாக இருக்கும்போது நேரோட்டக் கொள்ளளவிகளில் அலைவு எத்தனை வோல்ற்? மறுதாக்க வலுவை உள்ளிழுக்கும்போது அது எத்தனை வோல்ற்றாகும்? கொள்ளளவி எந்த வகையினது, எந்த வெப்பநிலையில் எத்தனை மணித்தியாலத்துக்கு என்று குறிக்கப்பட்டது? நடுப்புள்ளியின் நகர்வை மட்டுமா, அலைவையும் சேர்த்தா கட்டுப்பாடு அடக்குகிறது? பதில் தரக்கூடிய வழங்குநர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் இல்லாததால்தான் அந்த எண்கள் விளம்பரத் தாளில் இடம்பெறுவதில்லை. வீட்டுக்கு ஒற்றை அவத்தைத் தொகுதி வாங்குபவர் இவ்வளவு கேட்க வேண்டியதில்லை. கொள்ளளவியின் வகையையும் வெப்பநிலைக் குறியீட்டையும் கேட்டு, இன்வெர்ட்டரை வெயில் படாத, காற்று நடமாடும் சுவரில், கடற்கரையை அண்டிய இடமாயின் உப்புக் காற்று நேராக அடிக்காத பக்கத்தில் பொருத்தச் சொன்னால் போதும்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் மும்மட்ட இன்வெர்ட்டரின் 27 நிலைகளையும் படத்தோடு விளக்கும் கட்டுரையொன்றை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். அதை வெளியிடும்போது, கொள்ளளவி பற்றி முன்னைய கட்டுரையில் வந்த பரிந்துரையையும் திருத்தி வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மின்தொழில்நுட்ப விரிவுரையாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.